உறைதல்

சித்திரை மாதத்து அக்கினி நட்சத்திரம் தொடங்கிய நான்காம் நாள் மாலை, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை அடுத்த ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைக் கவனிக்கும் பணியிலிருக்கும் என் தமக்கை மகன், தன் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு ஜவுளி எடுக்க வேண்டுமென்று என்னையும் உடன் அழைத்துக்கொண்டு, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குச் சென்றான். அவ்வீதியில் ஜனப் பிரவாகம் நம்மை ஏந்திக்கொண்டு போய், ஏதேனும் ஒரு கடை வாசலில் ஒதுக்கிவிடும். பட்டுப்புடவையும் வேட்டியும் நிறைந்த பைகளோடு நாங்கள் ஒதுங்கிய வாசல், தயிரைக் குளிரவைத்து உறையச்செய்து விற்கும் ஒரு புதுக் கடையினுடையது. ஃப்ரோசன் யோகர்ட் என்று இளைஞர்கள் சொல்லும் அந்தப் பண்டத்தை நான் அதுவரை உண்டதில்லை. எஃகுக் குழாயின் கைப்பிடியை இழுத்ததும் சுருள் சுருளாகக் கிண்ணத்தில் இறங்கிய அதன்மேல், மாதுளை முத்துகளையோ மாம்பழத் துண்டுகளையோ தூவ வேண்டுமா என்று கடைப் பையன் கேட்டான், ஒன்றும் வேண்டாமென்றேன். வாயிலிட்டவுடன் முதலில் தெரிந்தது குளிர்ச்சி, பிறகு சர்க்கரை, இரண்டும் கரைந்து போனபின், நாவின் ஓரத்தில், நான் நெடுங்காலம் அறிந்திருந்த ஒரு புளிப்பு. என் மனைவி உயிரோடிருந்த நாளில், எங்கள் வீட்டுக் கற்சட்டியில் காலைதோறும் என்னை எதிர்கொண்ட புளிப்பு அது.

கடைச் சுவரில் ஒரு வாசகம் எழுதியிருந்தது. இத்தயிரில் உயிருள்ள நுண்ணுயிர்கள் உண்டென்பது அதன் பொருள்.

“ஐஸ் மாதிரி உறைஞ்சு கிடக்கிற தயிர்ல உயிர் எங்கேப்பா இருக்கும்?” என்று கேட்டேன்.

“குளிர் எல்லாத்தையும் கொன்னுடாது மாமா. கொஞ்சம் செத்துப்போகும், மிச்சம் தூங்கும். சூடு பட்டா எழுந்துக்கும்” என்றான், நாள் முழுதும் குளிரோடு பழகுகிறவனுக்குரிய நிச்சயத்தோடு.

அந்த விடையும், என்னையறியாமல் என் கேள்வியில் வந்து விழுந்த ‘உறைஞ்சு’ என்ற சொல்லும் சேர்ந்துகொண்டு, திருவொற்றியூர் திரும்பும் வழியெல்லாம் என்னை விடவில்லை.

நம் மொழியில் இந்த ஒரு சொல் எத்தனை காரியங்களைச் சுமக்கிறது! பால் தயிராவதை உறைதல் என்கிறோம். அதற்காகப் பாலில் இடும் சிறிதளவு மோரை உறைமோர் என்றும், உறை என்றும், பிரை என்றும் வழங்குகிறோம். நீர் பனிக்கட்டியாவதும் உறைதலே. ஒருவர் ஓரிடத்தில் தங்கி வாழ்வதும் உறைதலே. வாளையும் தலையணையையும் மூடியிருப்பது உறை. ஓர் அடியார் தம் நெறியில் அசையாமல் நிற்கும் திண்மையை உறைப்பு என்றனர் பெரியோர். சொற்பிறப்பை ஆராய்வது என் நோக்கமன்று. ஆயினும், ஆலயந்தோறும் இறைவன் உறைகின்றான் என்று நித்தியமும் சொல்லும் நாம், அது எவ்வகை உறைதல் என்று ஒருமுறையேனும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டாமா? வாடகை வீட்டில் குடியிருப்பவரைப்போல, இன்று இருந்து நாளை பெயரக்கூடிய உறைதலா? பாலுக்குள் புகுந்து பாலையே வேறொன்றாக்கிவிடும் உறைதலா? அவ்வாறு உள்ளே புகுந்தது, பின்னொரு காலத்தில் குளிர்ந்து அசைவற்றுப் போனால், அது நீங்கிவிட்டதென்று கொள்வதா, இருக்கின்றதென்று கொள்வதா?

கடைசிக் கேள்வி என் சொந்தக் கேள்வி. மனைவி காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஒன்பது ஆண்டுகளிலும் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் திருவொற்றியூர்க் கோயிலின் வடிவுடையம்மன் சந்நிதிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். கை குவிகிறது, உதடு அசைகிறது, குங்குமத்தை வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். ஆனால் முன்பெல்லாம் தீபாராதனையின்போது நெஞ்சில் எழுந்த நெகிழ்ச்சி ஒருநாளும் எழுவதில்லை. இதை நான் எவரிடமும் சொன்னதில்லை.

இவ்வினாவை எழுப்புவதற்குத் திருவொற்றியூரினும் தக்க தலம் ஒன்று இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. சைவ உலகின் மிக விசித்திரமான சபதம் இவ்வாலயத்தில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பெரிய புராணத்தில் விவரிக்கிறார். சங்கிலியாரை மணக்க விழைந்த சுந்தரமூர்த்தி நாயனார், அவரை ஒருபோதும் பிரிவதில்லை என்று சபதம் செய்துகொடுக்க வேண்டியவரானார். திருவாரூரில் தாம் முன்பே மணந்த பரவையார் இருக்கையில், இவ்வூரிலேயே என்றென்றும் தங்கிவிடுதல் தமக்கு இயலாதென்பதை அவர் அறிவார். ஆகவே, தாம் சபதம் செய்யும் நேரத்தில் இறைவன் கருவறையை நீங்கி மகிழமரத்தடியில் எழுந்தருளியிருக்க வேண்டுமென்று, தம் தோழராகிய அவ்விறைவனிடமே விண்ணப்பித்துக்கொண்டார். இறைவனும் இசைந்தார், இசைந்தவர், சங்கிலியாரின் கனவில் தோன்றி, சபதத்தை மகிழின்கீழ் பெற்றுக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டார். வேறு வழியின்றி அம்மரத்தடியிலேயே சபதம் செய்த சுந்தரர், வசந்த காலத்தில் திருவாரூர் நினைவு மேலிட இவ்வூர் எல்லையைக் கடந்தபோது, அவருடைய இரு கண்களும் ஒளியிழந்தன. மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை என்ற பெயரால் அந்நிகழ்ச்சியை இன்றும் நாங்கள் கொண்டாடி வருகிறோம்.

தம்பிரான் தோழராகிய சுந்தரரைக் குறை கூறுவதற்கு நான் யார்? ஆயினும் அவ்வரலாற்றை நினைக்குந்தோறும், இறைவனுடைய உறைதலை ஒரு கணம் குடியிருப்பாக எண்ணிவிட்ட மனித மனம் அதில் எனக்குத் தெரிகிறது. அறையை விட்டு வெளியேறியவர் அறையில் இல்லை என்பது உலகியல் கணக்கு. அக்கணக்கை நம்பி, இறைவன் இல்லாத ஓரிடத்தைத் தமக்கென ஒரு நாழிகையேனும் உண்டாக்கிக்கொள்ள முயன்றார் அவர். அம்முயற்சியின் பயனாகவே மகிழமரத்தடியும் சந்நிதியாயிற்று.

கண்ணிழந்து தட்டுத்தடுமாறி நடந்த சுந்தரர், திருவெண்பாக்கம் என்ற தலத்தை அடைந்து, இக்கோயிலில் நீர் இருக்கின்றீரா என்று இறைவனைக் கேட்டதாகவும், இருக்கிறோம், நீ போகலாம் என்ற பொருளில் விடையும் ஓர் ஊன்றுகோலும் கிடைத்ததாகவும் அவ்வரலாறு தொடர்கிறது. இருபதாம் நூற்றாண்டில் சென்னைக்குக் குடிநீர் வேண்டி, 1944ஆம் ஆண்டு பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தபோது, அப்பழங்கோயில் இருந்த இடம் நீரினுள் அமிழ்ந்தது. அக்கோயிலின் இறைவராகிய ஊன்றீசுவரரை மேட்டுநிலத்துக்குக் கொணர்ந்து புதிய ஆலயம் எடுத்தார்கள். இருக்கின்றீரா என்று கேட்கப்பட்ட அந்த இடத்தின்மேல் தேங்கும் நீரை நாம் பருகுகின்றோம். குடியிருப்பென்று கொண்டால், அங்கே வீடு மூழ்கிப்போயிற்று. வேறுவிதமாகக் கொள்ளக் கூடுமானால்தான் அவ்விடையில் அர்த்தம் இருக்கிறது.

அந்த வேறு விதத்தை ஆராயப் புகுந்த நம் தத்துவ ஆசிரியர்கள், தயிர்ப்பானையைத்தான் முன்னே இழுத்து வைத்துக்கொண்டார்கள். தயிர் பாலினுள் முன்பே சூக்ஷ்மமாக இருந்து வெளிப்படுகிறதென்றனர் சாங்கியர். முன்பு இல்லாதது புதிதாகத் தோன்றுகிறதென்றனர் நையாயிகர். பாலாக இருக்கும்போது அதைத் தயிரென்று சொல்லுவதில்லை, தயிரானபின் பாலென்று சொல்லுவதில்லை என்று, யானைப் பயிற்சியாளர் ஒருவரின் மகனான சித்தன் என்பவனுக்குப் புத்தர் காட்டிய உவமை தீக நிகாயத்தில் இருக்கிறது. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்திலே, கருவிகளின் துணையின்றிப் பிரம்மம் எவ்வாறு உலகத்தை உண்டாக்கக்கூடும் என்ற ஆட்சேபத்துக்கு, பாலைப் பார் என்பதே விடையாக வருகிறது. பாலுக்கும் சூடு முதலியவை வேண்டுமே என்று மேலும் ஆட்சேபிப்பவருக்குச் சங்கரர் தம் பாஷ்யத்தில் அளிக்கும் சமாதானம் எனக்கு மிகவும் பிடித்தமானது: சூடு காரியத்தை விரைவுபடுத்துவதோடு சரி, தயிராகும் சக்தி பாலுக்கே உரியது, அது இல்லாத காற்றையோ ஆகாயத்தையோ எவ்வளவு காய்ச்சினாலும் தயிராக்க முடியாது என்கிறார்.

எங்கள் சைவ சித்தாந்தமோ, இறைவன் விகாரமடையாத நிமித்த காரணன் என்று கொண்டு, அவன் பாலைப்போல் மாறுவதாகச் சொல்ல ஒருப்படாது. எதைச் சார்கிறதோ அதன் தன்மையைப் பெறுவது உயிரின் இயல்பென்று அது போதிக்கும். அப்படியானால் உவமையைச் சற்றே திருப்பிவைத்துக்கொள்ளலாமென்று எனக்குத் தோன்றுகிறது: பால் நாம், உறை அவனது அருள். பாலில் நெய்யைப்போல் இறைவன் மறைந்திருக்கிறான் என்று அப்பர் பெருமான் காட்டிய உவமையை எல்லோரும் அறிவர். ஆனால் நம் வீடுகளில் பாலை அப்படியே கடைந்து நெய்யெடுக்கும் வழக்கமில்லை என்பதையும் எல்லோரும் அறிவர். கடைவதற்கு முன்னால் ஓர் இரவு, பால் ஒரு மூலையில் மூடிக் கிடந்து, யாரும் பாராத வேளையில் தயிராக வேண்டும்.

அந்த இரவில் நிகழ்வதென்ன என்பதை விஞ்ஞானம் அண்மையில்தான் கண்டறிந்தது. பால் புளிப்பது உயிர்ப்பொருள்களின் செயலென்று லூயி பாஸ்டர் 1857ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார். தயிருக்குரிய கோலுருவ நுண்ணுயிரை 1905ஆம் ஆண்டு ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய இளைஞர் பிரித்தறிந்தார். அவ்வுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பமிலமாக மாற்ற, புளிப்பு ஏறஏறப் பாலின் புரதங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலைபோல் இறுகுகின்றன. ஒருமுறை தயிரானது மீண்டும் பாலாவதில்லை. சட்டிப் பால் முழுவதையும் மாற்றுவதற்கு வேண்டியதோ ஒரு கரண்டி; அந்தக் கரண்டியும் நேற்றைய தயிரிலிருந்து வந்தது; நேற்றையது முன்தினத்தினுடையதிலிருந்து. எங்கள் வீட்டில் உறை தவறிப்போகும் நாட்களில், என் மனைவி கிண்ணத்தோடு பக்கத்து வீட்டு அம்மாளிடம் விரைவாள். விளக்கு வைத்தபின் தயிரும் மோரும் கொடுக்கலாகாதென்ற வழக்கத்தால், பொழுது சாயுமுன் ஓடவேண்டும். ராயபுரத்துக்குப் பெயர் தந்தவராகச் சொல்லப்படும் புனித இராயப்பரின் கோயிலில் ஞாயிறுதோறும் பூசை காணும் மீனவக் குடும்பத்துப் பெண்மணி அவர். அவர் சட்டியில் உறைந்தது எங்கள் சட்டியிலும், எங்கள் சட்டியில் உறைந்தது அடுத்த வீட்டிலும் உறைந்தது. முதல் உறை எந்த வீட்டில் விழுந்ததென்று எங்கள் தெருவில் எவராலும் சொல்லமுடியாது. குருபரம்பரை என்ற சொல்லை நான் முதலில் கற்றது புத்தகத்திலேயாயினும், அதைக் கண்டது அந்தக் கிண்ணத்திலே.

இனி, குளிரால் உறைவதைப்பற்றிச் சொல்ல வேண்டும். சென்னைக்கு அது கடல்வழியே வந்த அநுபவம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பிரதேசத்துக் குளங்களில் பனிக்காலத்தில் வெட்டியெடுத்த கட்டிகளைப் பொதிந்து, பிரெடரிக் டியூடர் என்ற வணிகர் 1833ஆம் ஆண்டு பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு அனுப்பிய முதல் சரக்கு, ஏறக்குறைய நான்கு மாதம் கடலில் மிதந்தும் கரைந்தொழியாமல் வந்து சேர்ந்தது. துறைமுகம் எழாத அந்நாளில், நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து மசூலாப் படகுகளே சென்னைக்குச் சரக்கிறக்கின. இங்கு இறங்கிய ஐஸைச் சேமிக்கக் கடற்கரையில் 1842ஆம் ஆண்டு எழுந்த வட்டமான கட்டடத்தில்தான், மேனாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒன்பது நாள் தங்கினார். டியூடருக்காக ஐஸ் வெட்டப்பட்ட வால்டன் குளக்கரையில் வாழ்ந்த தோரோ என்ற அறிஞர், காலையில் பகவத்கீதையைப் படித்துவிட்டுத் தண்ணீருக்குப் போகும் தாமும், சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடும் மக்களும் ஒரே கிணற்று நீரைப் பருகுவதாக 1854ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் எழுதினார். தயிரை உறையச்செய்து விற்கும் இப்புதுப் பழக்கமும், 1970களில் அதே நாட்டில் பரவத் தொடங்கியதே.

இன்று அக்குளிர் காசிமேட்டிலேயே உற்பத்தியாகிறது. என் மருமகன் ஒருநாள் தன் தொழிற்சாலைக்குள் அழைத்துப்போய்க் காட்டினான். பெரிய தொட்டியொன்றில் உப்புக்கரைசல். அம்மோனியாவின் துணையால் அதனைக் குளிர்விக்கிறார்கள். அதனுள் வரிசை வரிசையாக இறக்கிய இரும்பு அச்சுகளில் நல்ல தண்ணீர். பனிக்கட்டியினும் அதிகமாகக் குளிர்ந்துவிட்ட அக்கரைசல் தான் உறைவதில்லை. தன்னுள் நிற்கும் நீரையெல்லாம் உறையவைக்கிறது. தான் மாறாமலிருந்து பிறவற்றை மாற்றும் நிமித்த காரணனுக்கு ஏடுகளில் தேடிய உவமையை, மீன்வாடை வீசும் அக்கொட்டகையில் கண்டுகொண்டு நின்றேன். அங்கிருந்து போகும் ஐஸை உடைத்து நிரப்பிக்கொண்டுதான் விசைப்படகுகள் பலநாள் தங்கலுக்குக் கடலேறுகின்றன. ஐஸ் இல்லையேல், வலையில் விழும் செல்வமெல்லாம் கரை சேருமுன் அழுகிப்போகும்.

ஆக, கெட்டுப்போகக்கூடிய ஒரு பொருளைக் கெடாமற் காப்பதற்கு மனிதன் இரு வழிகளைக் கண்டான். ஒன்று, குளிரால் காலத்தை நிறுத்திவைப்பது. மீன் மீனாகவே இருக்கும். மற்றொன்று, வேறோர் உயிரை உள்ளே அநுமதித்து அப்பொருளையே மாறவிடுவது; பால் பாலாக இராது, ஆயினும் வீணாகாது. சமயவாழ்விலும் இவ்விரண்டும் உண்டென்று நான் நினைக்கிறேன். ஆகமம் விதித்த வேளையில் விதித்தபடியே நடக்கும் பூஜை, பொருள் விளங்காதபோதும் எழுத்துப் பிசகாமல் ஓதப்படும் மந்திரம், நெஞ்சு நெகிழாத வெள்ளிக்கிழமைகளிலும் தவறாமல் சந்நிதிக்கு நடக்கும் கால்கள் ஆகியவையெல்லாம் முதல்வகைக் காப்பு. இவற்றை உயிரற்ற சடங்கென்று இகழும் சீர்திருத்தக்காரர்களோடு, இந்த ஒன்பது ஆண்டுகளில் நானும் பலமுறை மனத்துக்குள் உடன்பட்டிருக்கிறேன். இப்போது அவ்வாறு உடன்பட என்னால் இயலவில்லை. உறை விழாத பாலைக் குளிரில் வைத்தால் அது குளிர்ந்த பால் மட்டுமே. ஒருமுறை உறை விழுந்து தயிரானதைக் குளிரில் வைத்தாலோ, அதனுள் சில உயிர்கள் மடிந்துபோயினும், எஞ்சியவை துயில்கின்றன. இரண்டும் தொடும்போது ஒரே குளிர்ச்சியாகத்தான் இருக்கும். வெம்மை வந்து சேருமளவும் இன்னது இன்னதென்று எவராலும் பிரித்தறியலாகாது.

எங்கள் ஆலயத்தில் ஆதிபுரீசுவரராகிய புற்றிடங்கொண்டாரை ஆண்டு முழுதும் கவசம் மூடியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டும் அதைக் களைந்து, புனுகும் ஜவ்வாதும் சாம்பிராணித் தைலமும் சார்த்துவார்கள். அப்போது ஊர் முழுவதும் திரண்டு வந்து கவசமின்றித் தரிசிக்கும். மற்ற நாட்களில் நாங்கள் வணங்குவது உறையைத்தான். ஆயினும் அந்நாட்களில் உள்ளே ஒருவரும் இல்லையென்று கருதி ஆலயக் கதவைச் சார்த்தியவர் எவரும் இல்லை. மூன்று நாள் கண்டவர்கள், காணாத நாட்களையெல்லாம் அந்த மூன்று நாட்களின் பலத்தால் கடக்கிறார்கள். உறைப்பு என்று பெரியோர் சொன்னதும் அதுவேயென்று நினைக்கிறேன்.

அன்று கடையிலிருந்து புறப்படுகையில், பழங்கள் எதுவும் சேராத ஒரு கிண்ணத்தைத் தமக்கைக்கென்று மூடி வாங்கிவந்திருந்தோம். பல் கூசுமென்று அவள் அதைத் தொடவில்லை. நாங்கள் ஜவுளியைப் பிரித்துக் காட்டி முடிப்பதற்குள் அது கூழாக இளகிவிட்டது. அதை நான் எடுத்துப்போகட்டுமா என்று கேட்டேன்.

“விளக்கு வச்சாச்சே தம்பி, தயிரை எப்படிக் கொடுக்கிறது?” என்று தயங்கியவள், கிண்ணத்தைத் திறந்து சற்றுநேரம் பார்த்தாள். பிறகு, “உன் வீட்ல உறை இல்லாம எத்தனை வருஷமாச்சு. எடுத்துட்டுப் போ” என்றாள்.

நான் ஏன் கேட்டேனென்று அவள் கேட்கவில்லை, அறிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூடு வரும்வரை ஆறவைத்து, பரண்மேலிருந்த கற்சட்டியை இறக்கிக் கழுவி, அதில் ஊற்றி, இளகிப்போன அத்தயிரில் இரண்டு கரண்டி விட்டுக் கலக்கித் தட்டால் மூடினேன். கை தானாகவே அச்சட்டியை, என் மனைவி வழக்கமாக வைக்கும் அடுப்படி மூலைக்கு நகர்த்திற்று.

விடிந்ததும் தட்டை நீக்கிச் சட்டியை மெல்லச் சாய்த்தேன். பால் அசையவில்லை. கெட்டித்தயிரென்று சொல்லமுடியாது, இளந்தயிர், ஓரத்தில் சிறிது நீர் விட்டிருந்தது, கடைச் சர்க்கரையின் சாயல் சற்றே இருந்தது. அடியில் அந்தப் புளிப்பும் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. குளித்துச் சந்நிதிக்குச் சென்றேன். வழக்கம்போலவே கை குவிந்தது, உதடு அசைந்தது; தீபாராதனை முடியும்வரை நெஞ்சு நெகிழவில்லை. ஆனால் ஒன்பது ஆண்டுகளாக வெளியே வரும்போதெல்லாம் எனக்குள் நான் சொல்லிக்கொண்டிருந்த, இனி ஒன்றுமில்லை என்ற சொல்லை, அன்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பி, உணவுக்கு உட்காருமுன், மறுநாளைக்கென்று ஒரு கரண்டி தயிரை எடுத்துத் தனிக் கிண்ணத்தில் மூடிவைத்தேன்.